பாதுகாப்பு என்றொரு சொல்

தமிழில் ராணுவத்துக்கும் பாதுகாப்பு, தொல்லிடத்துக்கும் பாதுகாப்பு. தற்செயல்தான். ஆனால் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கஹோலவேயின் கதைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

1941இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட இத்தீவு, அரை நூற்றாண்டுக் காலம் குண்டுவீச்சுப் பயிற்சிக்களம். 1976இல் பூர்வகுடிகள் தடையை மீறிக் கரையேறினார்கள். அரசின் தொல்லிடப் பாதுகாப்புச் சட்டத்தையே கையிலெடுத்து வழக்கும் போட்டார்கள். 1980இல் நீதிமன்ற உடன்பாடு: தொல்லிடங்களைக் கணக்கெடுத்துப் பாதுகாக்கக் கடற்படை ஒப்புக்கொண்டது. 1981இல் தீவு முழுவதுமே வரலாற்றிடங்களின் தேசியப் பதிவேட்டில் ஏறியது. குண்டு போடுறது நின்னுச்சா? 1990 வரைக்கும் நிக்கல.

இதில் முரண் இருப்பதாக அதிகாரம் நினைக்கவில்லை. 'பண்பாட்டு வளம்' என்று பெயரிட்ட கணத்தில் நிலம் புள்ளிகளாகச் சிதறிவிடுகிறது. புள்ளிகளைக் காப்பது, மிச்சத்தில் குண்டு போடுவது. இரண்டும் ஒரே நிர்வாகத்தின் வேலைகள். ஹவாய் மக்களுக்கோ நிலம் என்பது மூதாதை. மூதாதையின் உடம்பில் எந்த இடத்தை விட்டுவிட்டு எந்த இடத்தில் குண்டு போடுவது?

ராணுவ வேலி இல்லாவிட்டால் ஓட்டல்களும் வீட்டுமனைகளும் எல்லாவற்றையும் விழுங்கியிருக்கும் என்றொரு வாதம் உண்டு. பல முகாம்களில் அது உண்மையும்கூட. கணக்கெடுத்தவர்களின் உழைப்பையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. என் கேள்வி வேறு: யாரிடமிருந்து, யாருக்காகப் பாதுகாப்பு?

கடற்படையின் துப்புரவுப் பணி 2004இல் முடிந்தது. தீவின் கால்வாசியில் வெடிக்காத குண்டுகள் அகற்றப்படவே இல்லை. அங்கே கால் வைப்பது ஆபத்து. பதிவேட்டில் மட்டும் அந்த இடமும் பத்திரமாக இருக்கிறது.