கோயிலைக் காத்த வணிகக் கணக்கு: ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் 1748ஆம் ஆண்டுப் பதிவை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) 1736 தொடங்கி ஏறத்தாழ இறுதிக்காலம் வரை எழுதிய நாட்குறிப்பு, பிரெஞ்சு கிழக்கிந்தியக் கும்பெனியின் புதுச்சேரி ஆட்சிக்குத் தலையாய தமிழ்ச் சான்றாகும். எனினும் அது பெரும்பாலும் துய்ப்ளெக்சின் வெற்றி தோல்விகளை உரைக்கும் துணைச்சான்றாகவே கையாளப்பட்டு வருகிறது. வணிக நிறுவனம் ஒன்று ஆட்சியாளராக மாறும்போது, ஆளப்படுவோரிடம் இருந்த பேரம் பேசும் வலிமை என்னவாகிறது என்னும் வினாவை அந்நூலிடம் எழுப்பியோர் குறைவு. வேதபுரீசுவரர் கோயில் இடிப்புப் பற்றிய பதிவு அவ்வினாவுக்கு விடை தருகிறது.

1748 செப்டம்பரில், பாஸ்கவன் தலைமையிலான ஆங்கிலப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது இக்கோயில் இடிக்கப்பட்டது. பிள்ளை இதற்கு இயேசு சபைக் குருமாரையும் துய்ப்ளெக்சின் துணைவியாரையும் பொறுப்பாக்குகிறார். பின்வந்த ஆய்வாளர் பலரும் இதனைச் சமயப் பகையாகவோ தனிமனிதர் செயலாகவோ கண்டனர். ஆனால் அதே பதிவு வேறொன்றையும் சொல்கிறது. ஐம்பது ஆண்டுகளாகக் குருமார் முயன்றும் முந்தைய ஆளுநர்கள் இணங்கவில்லை; இது தமிழர் நாடு, கோயிலில் கைவைத்தால் வணிகர் வாரார், பட்டணம் கெடும் என்று கருதி அரசாணையையும் ஒதுக்கினர் என்கிறார் பிள்ளை.

ஆக, கோயிலைக் காத்தது சமயப் பொறை அன்று, வணிகக் கணக்கே. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்துக்களின் வழிபாட்டுக்குத் தடைகள் வந்தபோது, நகர மக்கள் ஊரைவிட்டு நீங்குவதையே தம் எதிர்ப்பாகக் கொண்டனர். நெசவும் வணிகமும் நின்றுபோகும் என்றஞ்சி நிர்வாகமும் இறங்கி வந்தது. 1748இல் அக்கருவி பயனற்றுப் போயிற்று. 1746இல் சென்னையைக் கைப்பற்றிய கும்பெனி படைபலத்தை நம்பத் தொடங்கியிருந்தது.

முற்றுகைக் காலத்து விதிவிலக்கைப் பொதுப்போக்காகக் கொள்ளலாமா என்று இங்குக் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் முற்றுகை நீங்கிய மறு ஆண்டே ஆம்பூர்ப் போரில் பிரெஞ்சுப் படை பங்கேற்றது. சந்தா சாகிபிடமிருந்து புதுச்சேரியைச் சூழ்ந்த ஊர்களைக் கும்பெனி பெற்றது. சரக்கு வருவாயோடு நில வருவாயையும் நாடும் நிறுவனத்துக்கு வணிகரின் மனக்குறை முன்போல் அச்சுறுத்தலாகாது.

பிள்ளையின் பார்வைக்கும் எல்லை உண்டு. அவர் தலைமைத் துபாசி, தாமும் வணிகர். முந்தைய ஆளுநர்களின் கூற்று அவர் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது. அது அவர் வகுப்பாரின் நலனுக்கும் உகந்தது. தம் வாழ்வு சார்ந்திருந்த நிறுவனத்தைக் குறைகூறாமல், அதில் இருந்த மனிதரைக் குறைகூறுகிறார். அவர் தரும் சான்றை ஏற்கும் ஆய்வாளர் அவர் தரும் காரணத்தையும் ஏற்க வேண்டியதில்லை.

போர்ச்செலவு வணிக ஆதாயத்தை விழுங்குவது கண்டு, 1754இல் துய்ப்ளெக்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். வணிகக் கணக்கு அப்போது மீண்டும் முன்வந்தது. ஆனால் அது பாரிசில் பார்க்கப்பட்ட கணக்கு. புதுச்சேரி நெசவாளருக்கு அதில் இடமில்லை. நாட்குறிப்பைக் கும்பெனி ஆட்சியின் வரலாறாக வாசிப்பதென்பது, இவ்விழப்பை அதன் பக்கங்களில் தேடுவதேயாகும்.