'வேண்டும்' என்ற சொல்லும் மத்தியான ஊசியும்

நாவல்களும் கவிதைத் தொகுதிகளும் விமர்சிக்கப்படும் இப்பக்கங்களில் ஓர் அரசாங்கக் கையேட்டை எடுத்துக்கொள்வது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். ஆனால் அகதியாக வந்த பின் நான் அதிக தடவை வாசித்த பிரதி அதுதான். மருத்துவத் தேவையுள்ள மாணவர்களைப் பாடசாலைகள் எவ்வாறு பராமரிக்க வேண்டும் என்பது பற்றி இங்கிலாந்தின் கல்வித் திணைக்களம் 2014இல் வெளியிட்டு, 2015 டிசம்பரில் திருத்திய வழிகாட்டியையே குறிப்பிடுகிறேன். பிள்ளைகள், குடும்பங்கள் சட்டம் 2014இன் 100ஆம் பிரிவு பாடசாலை நிர்வாக சபைகள்மீது ஒரு கடமையைச் சுமத்தியது. அதை விளக்க எழுதப்பட்டது இது.

2016இல் எங்கள் மகளுக்கு ஏழு வயது. முதலாம் வகை நீரிழிவு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சாப்பிட முன் விரலில் குத்திச் சீனி பார்த்து, மாச்சத்தைக் கணக்கிட்டு இன்சுலின் போட வேண்டும். மத்தியானச் சாப்பாடோ பாடசாலையில். "இதற்கு எங்கள் ஊழியர் எவரும் முன்வரவில்லை, தாயார் வந்து போடலாமே" என்று மிகுந்த மரியாதையோடு சொன்னார்கள். என் மனைவி ஏழு மாதங்கள் ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு மணிக்குப் போய்வந்தார். அவர் செய்துவந்த துப்புரவு வேலை இரண்டாம் மாதமே போயிற்று. நான் உணவு பொதிசெய்யும் தொழிற்சாலையில் வேலை. தொலைபேசியை லொக்கரில் வைத்துப் பூட்டிவிட்டே உள்ளே போகலாம். ஒருநாள் சீனி இறங்கிப் பிள்ளை மேசையில் தலைசாய்த்துக் கிடந்தபோது பாடசாலை எடுத்த நான்கு அழைப்புகளையும் இடைவேளையிலேதான் கண்டேன். அன்று சாப்பாட்டு மண்டபத்தில் வேலைசெய்யும் ஒரு பெண்மணி, யாரையும் கேளாமல், ஜூஸ் பருக்கியிருந்தார்.

எட்டாம் மாதம் ஆஸ்பத்திரியின் நீரிழிவுத் தாதி இக்கையேட்டை அச்செடுத்துத் தந்தார். மருந்து கொடுக்கப் பெற்றோர் பாடசாலைக்கு வந்தேயாக வேண்டும் என்று நிர்ப்பந்திப்பதோ, அப்படி அவர்களை உணரச் செய்வதோ ஏற்கத்தக்கதல்ல. பாடசாலை தவறுவதால் எந்தப் பெற்றோரும் வேலையை விட நேரக்கூடாது என்ற கருத்து அதில் இருந்தது. வேலை போய் ஆறு மாதத்தின் பின் என் மனைவி அதைக் கேட்டார்.

முதலில் இப்பிரதியின் சிறப்பைச் சொல்லிவிடுவது நியாயம். ஒழுங்குவிதி என்றாலே அதிகாரம் என்று முகஞ்சுழிக்கும் நமது பழக்கத்தை நான் இங்கு பின்பற்றப் போவதில்லை. 2006இல் ஏ9 பாதை மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளனாக இருந்தவன் நான். மருந்துக்கே தட்டுப்பாடான இடத்தில் மருந்தை எப்படிக் கொடுப்பது என்ற கேள்வி எழுவதில்லை. இக்கையேட்டை எழுதியவர்கள் பிள்ளையின் ஒரு நாளை மனதில் வைத்தே எழுதியிருக்கிறார்கள். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமின்றி, அரிதான விதிவிலக்குத் தவிர, மருந்து கொடுக்கக்கூடாது. மருந்து காலாவதியாகாமல், பெயர் ஒட்டி, மருந்தகம் தந்த கொள்கலத்திலேயே வர வேண்டும். இன்சுலின் மட்டும் பேனாவிலோ பம்பிலோ வரலாம். நோவுக்குக் குளிசை கொடுக்குமுன் கடைசியாக எப்போது கொடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். முட்டு வருத்தக்காரரின் இன்ஹேலர், சீனி பார்க்கும் கருவி, அட்ரினலின் பேனா ஆகியவற்றைப் பூட்டிவைக்கக்கூடாது. பிள்ளை மருந்தை மறுத்தால் பலவந்தப்படுத்தாமல் பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும். வைத்தியர் எழுதித் தராமல் பதினாறுக்குட்பட்டோருக்கு அஸ்பிரின் ஒருபோதும் இல்லை. இந்த 'ஒருபோதும்' பின்னால் ஒரு வரலாறு உண்டு. ரேய் நோய் என்னும் அரிய, கொடிய பாதிப்பைக் கருதிப் பிரித்தானியா 1986இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கென விதித்த எச்சரிக்கை, 2002இல் பதினாறாக உயர்ந்தது.

ஆனால் பிரதி எங்கே வழுகுகிறது என்பதே நமது கேள்வி. ஆங்கிலத்தில் 'மஸ்ற்' என்பது சட்டக் கட்டாயம். 'ஷுட்' என்பது தக்க காரணமின்றி விலகக்கூடாத அறிவுரை. தமிழில் இரண்டும் 'வேண்டும்' ஆகிவிடுகின்றன. பாடசாலைக் கூட்டத்தில் மொழிபெயர்த்தது எங்கள் மகளேதான். ஏழு வயதுப் பிள்ளை தன் வருத்தத்தைப் பற்றித் தானே மொழிபெயர்த்தது! அவள் சொன்ன ஒவ்வொரு 'வேண்டும்'ஐயும் நாங்கள் ஒரே பாரத்தில் கேட்டோம். இலக்கணம் படிப்பித்த எனக்கே அந்த வேறுபாடு பின்னர்தான் உறைத்தது. எழுத்துமூலச் சம்மதம் என்று கையேடு பெருமையுடன் சொல்வது, எங்கள் விடயத்தில், ஆங்கிலப் படிவமொன்றின் அடியில் விளங்காமல் வைத்த ஒரு கையொப்பமே.

இன்னொரு சொல்லையும் கவனிக்க. பெற்றோரை வரவழைப்பது, அடிக்கடி வீட்டுக்கு அனுப்புவது, ஒரே நோயுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சிகிச்சை என்று கொள்வது முதலியவற்றின் பட்டியலை இக்கையேடு 'பொதுவாக' ஏற்கத்தக்கதல்ல என்றே தொடங்குகிறது. அந்த 'பொதுவாக'வின் இடுக்கினூடாக என் மனைவி ஏழு மாதம் நடந்தார்.

இதைவிடச் சிக்கலான வசனம் வேறொன்று. எந்த ஊழியரையும் மருந்து கொடுக்கும்படி கேட்கலாம்; எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. இதைக் கண்டித்து எழுதவே முதலில் நினைத்தேன். ஒரு தொழிலாளியாக யோசித்தபோது முடியவில்லை. மிகக் குறைந்த சம்பளத்துக்கு நிற்கும் வகுப்பறை உதவியாளரிடம், பிழைத்தால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்தான ஊசியைக் கொடுத்து, "போடு" என்று கட்டளையிடும் உரிமையை நான் எந்த முதலாளிக்கும் வழங்கமாட்டேன். மறுக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கட்டும். கடமை நிர்வாக சபைக்குரியது. பயிற்சி, காப்புறுதி, மாற்று ஆள் ஆகிய எல்லாவற்றையும் அதுவே ஒழுங்குசெய்ய வேண்டும் என்றும் கையேடு சொல்கிறது. ஆனால் அதற்கென ஒரு வேலையிடமும் மேலதிகச் சம்பளமும் உண்டா என்பதில் அது நழுவுகிறது. ஆகவே நிறுவனத்தின் கடமை நடைமுறையில் யாரோ ஒருவரின் நல்ல மனதாகிறது. அதுவும் கிடையாவிடில் தாயின் கடமையாகிறது. ஈற்றில் தாதி எங்களுடன் வந்து கதைத்தார். மூன்று கிழமைக்குள் இரு உதவியாளர்கள் பயிற்சி பெற்றனர். அதில் ஒருவர் ஜூஸ் பருக்கிய அதே பெண்மணி. அவரை அதற்குமுன் யாருமே கேட்டிருக்கவில்லை.

இனி நம் பக்கம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் நானும் படிப்பிக்கிறேன். அதன் அனுமதிப் படிவத்தில் பெற்றோரின் ஊர் கேட்கப்பட்டிருந்தது. பிள்ளையின் வருத்தம் கேட்கப்படவில்லை. மகளின் நிலையை நான் சொன்னபோது பொறுப்பாளர் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்து, "சேர், பொம்பிளைப் பிள்ளை, கனபேருக்குச் சொல்லாதேங்கோ" என்றார். அவர் கெட்டவரல்லர், எங்கள் பிள்ளையின் கலியாணத்தைப் பற்றி எங்களுக்கு முன்னரே கவலைப்பட்டவர். நானும் மறுத்துப் பேசவில்லை. அந்த வருடம் முழுவதும் இன்சுலின் பை நடைபாதையில் குவிந்த புத்தகப் பைகளுக்குள் கிடந்தது. அவளுக்கு வகுப்பெடுத்த ஆசிரியைக்கே தெரியாது. வெள்ளைக்காரப் பாடசாலை எங்களைக் கைவிட்டது என்று நான் வேலைத்தலத்தில் கதைத்துத் திரிந்த காலமும் அதுதான்.

100ஆம் பிரிவு நமது வார இறுதிப் பாடசாலைகளைத் தொடுவதில்லை. எனவே இங்கே குற்றஞ்சாட்ட அரசாங்கம் இல்லை. பாடநூல் எந்த நாட்டிலிருந்து வரவேண்டும், எந்த எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பது என்று எத்தனையோ கூட்டங்கள் வைத்திருக்கிறோம். பிள்ளைக்கு என்ன வருத்தம், மருந்து எங்கே இருக்கிறது, யாருக்கு ஊசி போடத் தெரியும், யாரை அழைப்பது என்று தமிழில் ஒரு தாள் நம்மிடம் உண்டா? என்னிடம் ஒரு வரைவு இருக்கிறது. அதில் 'வேண்டும்' வரும் இடமெல்லாம், அதைச் செய்ய வேண்டியவரின் பெயரை எழுத ஓர் இடம் விட்டிருக்கிறேன். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் வைக்கப் போகிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் இப்பக்கங்களிலேயே எழுதட்டும்.