நண்பனைத் தேடிய எழுத்து

நாட்குறிப்பு தனக்காக எழுதப்படுவது. கடிதம் பிறர்க்காக எழுதப்படுவது. இவ்விரண்டுக்கும் நடுவே இணையம் ஒரு புதுவகை எழுத்தைத் தோற்றுவித்தது. ஒருவர் தம் அன்றாட வாழ்வைத் தேதியிட்டு எழுத, முன்பின் அறியாதோர் படித்து நட்புக் கொள்ளும் வலைப்பதிவே அது. இத்தகைய எழுத்தால் மெய்யான உறவு விளையுமோ என்று ஐயுறுவோர் உளர். அவர்கள் பொருட்டுப் பக்தாதில் பிறந்த பதிவொன்றை ஈண்டு ஆராய்வோம்.

2002ஆம் ஆண்டில் பக்தாத் இளைஞர் ஒருவர், ஜோர்டானில் படித்துக்கொண்டிருந்த தம் நண்பர் ராயிதுக்குச் செய்தி சொல்லும் பொருட்டு எழுதத் தொடங்கினார். மின்னஞ்சலுக்கு நண்பர் விரைந்து மறுமொழி தருவதில்லை. ஆகவே பதிவுக்கு 'ராயித் எங்கே?' என்றே பெயர் சூட்டினார். ஸத்தாம் ஆட்சியில் அகப்பட்டால் உயிருக்கே ஆபத்து. ஆதலின் தம் பெயரை மறைத்து 'ஸலாம் பாக்ஸ்' என்று வைத்துக்கொண்டார். முன்னது அரபி, பின்னது இலத்தீன். இரண்டுக்கும் பொருள் அமைதி. அமைதியை இருமுறை சொன்ன அவருடைய நகரின்மீதுதான் 2003 மார்ச்சில் குண்டுகள் பொழிந்தன. இணையத் தொடர்பு அறுந்த நாட்களிலும் அவர் எழுதினார். எழுதி வைத்தவை மே மாதத்தில் வெளிவந்தன. அவ்வாண்டே அப்பதிவுகள் ஆங்கில நூலாகவும் வடிவம் பெற்றன.

இவ்வெழுத்தின் சிறப்பு யாது? படைகளின் நகர்வை உலகச் செய்தித்தாள்கள் அனைத்தும் எழுதின. இவரோ அங்காடி விலையையும், வீட்டாரின் அச்சத்தையும், அச்சத்தை மறைக்கும் கேலியையும் எழுதினார். நண்பனிடம் பேசுகிறவன் தன்னைப் பெரிதாக்கிக் காட்டுவதில்லை. அந்த எளிமையே அயல்நாட்டாரையும் ராயிதின் இடத்தில் அமர்த்தியது.

குறையும் உண்டு. இவருடைய கேலி சிலவிடங்களில் துயரின் ஆழத்துக்குச் செல்லவிடாமல் நம்மைத் தடுக்கிறது. 2003 ஆகஸ்டில் 'ரிவர்பெண்ட்' என்னும் புனைபெயரில் பக்தாத் பெண்மணி ஒருவர் தொடங்கிய பதிவில், வேலையிழந்து வீட்டுக்குள் அடைபட்ட பெண்ணின் சினம் இதனினும் கூர்மையாக ஒலிக்கிறது.

பீட்டர் மாஸ் என்னும் அமெரிக்கச் செய்தியாளர், பக்தாதில் தமக்கு மொழிபெயர்ப்பாளராய் உடன் வந்தவரே ஸலாம் பாக்ஸ் என்பதைப் பின்னரே அறிந்து எழுதினார். அருகிருந்தவர் அவர் முகத்தை அறிந்தார், உள்ளத்தை அறியவில்லை. தொலைவிலிருந்தோர் உள்ளத்தை அறிந்தனர், முகத்தை அறியவில்லை. அத்தகைய ஒருவர் உண்மையிலேயே இருக்கிறாரா என்றுகூடச் சிலர் ஐயுற்றனர். இணைய உறவின் வலிமையும் வரம்பும் இதுவே என்பது நம் கருத்து.

ஆயிரம் பேரைக் கவர வேண்டும் என்றே இன்று பலரும் எழுதுகின்றனர். ஒரே ஒருவருக்காக எழுதியவரையோ ஆயிரமாயிரம் பேர் நாடி வந்தனர். கடல் கடந்த உறவைக் கடிதத்தால் காத்துவந்த நம் குடும்பங்களுக்கு இதன் காரணத்தை விளக்கவும் வேண்டுமோ?