கணினி நூலகமும் நம் ஆலிம்களும்

தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி, உலகின் எம்மூலையில் இருப்போரும் விலையின்றிப் படிக்க வழி செய்த பெருமை மதுரைத் திட்டத்துக்கு உண்டு. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலறிஞர் முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய பணி இது. ஒருவர் தட்டச்சுச் செய்ய, வேறொருவர் மெய்ப்புப் பார்க்க, ஊதியம் கருதாத அன்பர்களின் உழைப்பால் வளர்ந்தது. திருக்குறளும் சங்க நூல்களும் இருக்கும் அதே அலமாரியில் உமறுப் புலவரின் சீறாப்புராணமும் இடம் பெற்றிருக்கக் கண்டு நாம் பெரிதும் மகிழ்ந்தோம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களைப் பொறுமையோடு எழுத்தெழுத்தாக ஏற்றிய கரங்களை நன்றியுடன் நினைக்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.

எனினும், இத்தகைய இலவச நூலகங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு குறையை எடுத்துரைப்பதும் நம் கடமையே. தட்டச்சுச் செய்வோர் உளர். மெய்ப்புப் பார்ப்போர் உளர். ஐயம் எழுந்தால் தீர்த்து வைக்கும் ஆலோசகர்தாம் இலர். பிற நூல்களுக்கு ஒரு நல்ல தமிழாசிரியர் போதும். இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கோ அரபும் தமிழும் ஒருங்கே கற்றவர் வேண்டும்.

ஏன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நம் ஊர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் 'செக்கிங்' வேலை பார்க்கும் இளைஞர், நம்மிடம் முன்பு ஓதியவர், தம் கைப்பேசியில் படித்த ஒரு செய்யுளைக் காட்டி, "ஓசை தட்டுகிறதே உஸ்தாத், ஏன்?" என்று கேட்டார். உற்று நோக்கினோம். 'அபீபு' என்று இருந்திருக்க வேண்டிய இடத்தில் 'ஹபீபு' என்று இருந்தது. அரபு அறிந்த யாரோ நல்லெண்ணத்துடன் 'திருத்தி' விட்டார்! அகரத்தில் அமைந்த மோனை அங்கே அறுந்து போயிற்று. வடசொல் தமிழில் வரும்போது வடவெழுத்தை நீக்க வேண்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. உமறுப் புலவர் அந்நெறியைப் பல இடங்களில் அரபுச் சொல்லுக்கும் பொருத்திக் கொண்டார். அது பிழையன்று, புலமை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அரபு அறியாத தமிழன்பர் அறிமுகமில்லாத சொல்லை அச்சுப்பிழை எனக் கருதி மாற்றி விடுவார். 'கல்பு' என்னும் சொல்லை அடிநாவில் பிறக்கும் காஃபினால் எழுதினால் இதயம். மற்றைய காஃபினால் எழுதினால் நாய். தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றே. இடமறிந்து பொருள் சொல்ல இரு மொழிப் பயிற்சியும் வேண்டாமா?

அச்சுப் புத்தகத்தில் நேரும் பிழை அந்தப் பதிப்போடு நிற்கும். கணினியில் நேரும் பிழையோ படியெடுத்துப் படியெடுத்து நூறு இடங்களுக்குப் பரவும். செக்கிங் மேசையில் கண் தவறவிட்ட ஓர் ஓட்டை பெட்டியோடு கப்பலேறி விட்டால் திரும்ப அழைக்க முடியுமா? திருப்பூர் வாசிகளுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ!

இப்பணி நமக்குப் புதியதன்று. சீறாப்புராணம் ஏட்டுச் சுவடிகளாகச் சிதறிக் கிடந்தபோது, அவற்றைத் தேடித் தொகுத்து, ஒப்புநோக்கி, 1842-இல் அச்சேற்றியவர் யார்? புலவர் நாயகம் எனப் போற்றப்படும் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அல்லவா? அவர் ஆலிம், அவரே புலவர். அன்று அவர் செய்ததையே இன்று வேறொரு கருவியின் துணையோடு செய்ய வேண்டியிருக்கிறது.

ஆலோசகர் ஆவதற்குக் கணினிப் பயிற்சி கட்டாயமன்று. எந்தப் பதிப்பை மூலமாகக் கொள்வது என்று தீர்ப்பது. அரபுச் சொற்களுக்குச் சிறு அகராதி எழுதித் தருவது. பாடவேறுபாட்டில் எது தகும் என்று கூறுவது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நாகூரிலும் நம் வீட்டுப் பெட்டிகளில் செல்லரித்துக் கிடக்கும் பழம்பதிப்புகளையும் அரபுத்தமிழ்க் கிதாபுகளையும் வெளிக்கொணர்வது — இவை போதும். வாரத்தில் ஒரு நாள், அஸருக்கும் மக்ரிபுக்கும் இடைப்பட்ட பொழுதை ஒதுக்கினாலே பெரும்பயன் விளையும். திரையில் ஏற்றும் வேலையை நம் பிள்ளைகள் பார்த்துக் கொள்வார்கள்.

பிறர் நம் இலக்கியத்தைப் பிழைபட வெளியிடுகின்றனர் என்று குறை கூறுவது எளிது. கேளாமலே நம் காப்பியத்தைச் சுமந்து வந்தவர்களுக்குத் தோள் கொடுக்க நம்மில் எத்தனை பேர் முன்வந்தோம்? அரபுக் கல்லூரிகளின் உஸ்தாதுமார்களும், தமிழ் கற்ற நம் பேராசிரியர்களும் இக்கேள்வியைத் தமக்குள் கேட்டுக் கொள்ளட்டும்.

அந்த இளைஞருக்கு நாம் 'அபீபு' என்று மாற்றிப் படித்துக் காட்டினோம். ஓசை சேர்ந்ததும் அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி படிக்கும் எல்லாருக்கும் கிட்ட வேண்டும். நாம் முன்வந்தால், இன்ஷா அல்லாஹ், கிட்டும்.