மூடிய வகை ஸ்டூடியோ ஹெட்ஃபோன்கள்: அணிவசதியும் ஒலித்தரமும்

மூடிய வகை ஸ்டூடியோ ஹெட்ஃபோன் என்பது, காதின் மேல் அமரும் கிண்ணத்தின் பின்புறம் முழுவதும் அடைக்கப்பட்ட ஹெட்ஃபோன் ஆகும். 'குளோஸ்டு-பேக்' என்ற பெயரில் இது விற்கப்படுகிறது. பாடகர் மைக்கின் முன் நின்று பாடும்போது அவர் காதில் ஒலிக்கும் பின்னணி இசையும் கிளிக் டிராக்கும் மைக்கில் விழக்கூடாது. அதே போல வெளியில் அடிக்கப்படும் டிரம்ஸின் சத்தம் அதை வாசிப்பவரின் காதை முழுவதும் நிரப்பிவிடக்கூடாது. இந்த இரண்டு தேவைகளுக்காக உருவான கருவி இது. இன்று வீட்டில் பாட்காஸ்ட் பதிவு செய்பவர், வீடியோ எடிட் செய்பவர், கைப்பேசியில் பாட்டுக் கேட்பவர் என்று எல்லோரும் இதை வாங்குகிறார்கள்.

வாங்குவதற்கு முன் படிக்கப்படும் விமர்சனங்களில் பெரும்பாலானவை அணிவசதிக்கு ஒரு மதிப்பெண், ஒலித்தரத்துக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியாகக் கொடுக்கின்றன. மூடிய வகை ஹெட்ஃபோனைப் பொறுத்தவரை இந்தப் பிரிவினை தவறானது. இங்கே அணிவசதி என்பது ஒலித்தரத்தின் ஒரு பகுதி. காதைச் சுற்றியுள்ள தோலில் இயர்பேட் எப்படிப் பொருந்துகிறது என்பதே காதுக்குள் எந்த ஒலி போய்ச் சேரும் என்பதைத் தீர்மானிக்கிறது.

பின்புறத்தை அடைத்தால் என்ன நடக்கிறது

ஒலியை உண்டாக்கும் டிரைவரின் மென்தகடு முன்னும் பின்னும் அசைகிறது. முன்பக்கம் காதுக்கு ஒலி போகும்போது பின்பக்கமும் அதே அளவு ஒலி கிளம்புகிறது. சென்ஹைசர் நிறுவனம் 1968-இல் கொண்டுவந்த ஹெச்டி 414 போன்ற திறந்த வகை ஹெட்ஃபோன்களில் அந்தப் பின்னொலி வெளியேறிவிடும். மூடிய வகையில் அதற்கு வழியில்லை. கிண்ணத்தின் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. பஞ்சு, ஃபோம் போன்றவற்றை உள்ளே வைத்து அதை அடக்கவேண்டும். சரியாக அடக்காவிட்டால் டப்பாவுக்குள் பேசுவது போன்ற ஒலி வரும். விலை மலிந்த மூடிய ஹெட்ஃபோன்களில் ஆண்குரல் கேட்கும்போது இதை எளிதில் உணரலாம்.

அடுத்தது பேஸ். சிறிய டிரைவர் ஒன்று காதருகே ஆழமான தாழ்வொலியைக் கொடுக்க முடிவதற்குக் காரணம், இயர்பேட் காதைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைத்திருப்பதுதான். அந்த அடைப்பில் சிறு இடைவெளி விழுந்தாலும் முதலில் போவது பேஸ். மூக்குக்கண்ணாடியின் காம்பு பேடைத் தூக்கிக்கொண்டு நின்றால் போதும். அடர்ந்த தலைமுடி, தோடு, குறுகிய தாடை ஆகியவையும் இதையே செய்யும். ஆகவே ஒரே ஹெட்ஃபோனைக் கேட்ட இருவரில் ஒருவர் 'பேஸ் அதிகம்' என்றும் மற்றவர் 'பேஸே இல்லை' என்றும் எழுதினால் இருவரும் உண்மையே சொல்லியிருக்கலாம். கண்ணாடி அணிபவரா இல்லையா என்பதைச் சொல்லாமல் ஒருவர் எழுதும் பேஸ் பற்றிய தீர்ப்பை எவ்வளவு தூரம் நம்புவது?

வெளிச்சத்தம் குறைவதற்கும் எல்லை உண்டு. பின்புறம் அடைக்கப்பட்டிருப்பதால் உயர்ந்த அலைவெண்கள் நன்றாகத் தடைபடுகின்றன. தாழ்ந்தவை பெரிதும் உள்ளே வந்துவிடுகின்றன. சிம்பலின் கூர்மை மழுங்கும், கிக் டிரம்மின் அதிர்வு அப்படியே வந்து சேரும். இரைச்சலை மின்னணு முறையில் எதிரொலியால் கொல்லும் ஹெட்ஃபோன்களோடு இவற்றை ஒப்பிட்டு ஏமாற்றம் அடைவது பொருத்தமற்றது.

டிடி 770 ப்ரோ

ஜெர்மனியின் ஹைல்ப்ரான் நகரில் இயங்கும் பேயர்டைனமிக் நிறுவனம் 1924-இல் தொடங்கப்பட்டது. 1937-இல் அது வெளியிட்ட டிடி 48 டைனமிக் வகை ஹெட்ஃபோன்களின் முன்னோடி. 1980-களில் வந்த டிடி 770 வரிசை இன்றுவரை ஸ்டூடியோக்களில் காணப்படுகிறது. வசதிக்குப் பெயர் பெற்ற மூடிய ஹெட்ஃபோன் எது என்று கேட்டால் பலர் முதலில் சொல்வது இதைத்தான், அதில் நியாயமும் இருக்கிறது. எடை சுமார் 270 கிராம். சாம்பல் நிற வெல்வெட் போன்ற துணியால் ஆன இயர்பேட் வட்டமாகவும் ஆழமாகவும் இருப்பதால் காது முழுவதும் உள்ளே அடங்கிவிடும். காதுமடல் எதிலும் உரசுவதில்லை. இரண்டு மணிநேரம் கழிந்தும் தலையில் இருப்பது பெரிதாக உறுத்தாது. ரெக்ஸின் பேடைவிட இந்தத் துணியில் வியர்வை குறைவு. வெளிச்சத்தத்தை ஏறத்தாழ 18 டெசிபல் குறைப்பதாக நிறுவனம் குறிப்பிடுகிறது.

ஆனால் இதன் ஒலி நடுநிலையானது அன்று. பேஸ் தூக்கலாக இருக்கிறது. குரலும் கிட்டாரும் நிற்கும் நடுப்பகுதி சற்றுப் பின்வாங்கியது போலக் கேட்கிறது. 8 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேடு. 'ஸ', 'ஷ' போன்ற எழுத்துகளின் சீறல் ஏறக்குறைய அந்தப் பகுதியில்தான் விழுகிறது. பாட்டுக் கேட்பவருக்கு இது பளிச்சென்ற ஒலியாகப் படலாம். மிக்ஸிங் செய்பவருக்கு இது பொறி. சீறல் அதிகம் என்று நினைத்து அவர் அதை வெட்டுவார். பேஸ் போதும் என்று நினைத்துக் குறைப்பார். வேறு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கும்போது பாட்டு மந்தமாகவும் அடிக்கனம் இல்லாமலும் வரும். பல ஆண்டுகள் இதிலேயே கேட்டுப் பழகியவர்கள் மனதுக்குள் கழித்துக்கொள்வார்கள். புதிதாக வாங்கியவருக்கு அந்தக் கணக்குத் தெரியாது. 'ப்ரோ' என்று பெயரில் இருப்பதால் கேட்பதையே உண்மை என்று எடுத்துக்கொள்வார்.

இந்த ஹெட்ஃபோன் 32, 80, 250 ஓம் என்று மூன்று மின்மறுப்புகளில் கிடைப்பது மாணவர்களைக் குழப்பும் விஷயம். ஓம் அதிகமானால் தரம் அதிகம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்படி ஒரு விதியும் இல்லை. 250 ஓம் வகைக்கு 1 மில்லிவாட் கொடுக்க 0.5 வோல்ட் தேவை. 63 ஓம் கொண்ட சோனி 7506-க்கு அதே 1 மில்லிவாட்டுக்கு 0.25 வோல்ட் போதும். அதோடு டிடி 770-இன் உணர்திறனும் குறைவு. இரண்டையும் சேர்த்தால், ஒரே மின்னழுத்தத்தில் சோனி சுமார் 15 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். கைப்பேசியிலோ எளிய லேப்டாப்பிலோ 250 ஓம் வகையைச் செருகிவிட்டு 'சத்தமே வரவில்லை' என்று குறை சொல்பவர் ஹெட்ஃபோனைக் குறை சொல்லக்கூடாது. ஆடியோ இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவருக்கு 80 அல்லது 250, கைப்பேசியோடு நிற்பவருக்கு 32. மூன்றுக்கும் ஒலிச்சாயல் சற்று மாறுபடும் என்பதால், ஒன்றைக் கேட்டு எழுதப்பட்ட விமர்சனத்தை நம்பி இன்னொன்றை வாங்குவதும் சரியாகாது.

இதன் வயர் கிண்ணத்திலேயே நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. நாற்காலிச் சக்கரம் ஏறி வயர் அறுந்தால் சால்டரிங் தெரிந்தவரிடம் போகவேண்டும். மற்றபடி பேடும் தலைப்பட்டையின் மெத்தையும் கழற்றி மாற்றக்கூடியவை, உதிரியாகவும் கிடைக்கின்றன.

எம்டிஆர்-7506

சோனி 1985-இல் வெளியிட்ட எம்டிஆர்-வி6 என்ற மாதிரியின் வழியில் 1991-இல் வந்தது 7506. கிண்ணத்தில் ஓடும் நீலக்கோடு இதன் அடையாளம். டிரைவர் 40 மில்லிமீட்டர், எடை வயர் நீங்கலாக சுமார் 230 கிராம். மடித்துப் பைக்குள் போடலாம். வானொலி நிலையம், படப்பிடிப்புத் தளம், எடிட்டிங் அறை என்று எங்கும் இது தொங்கிக்கொண்டிருப்பதற்கு விலையும் உறுதியும் மட்டும் காரணம் அல்ல. இதன் ஒலியில் குறைகளை ஒளித்துவைக்கும் குணம் இல்லை. உயர்ந்த அலைவெண்கள் தூக்கலாக இருப்பதால் உதடு ஒட்டிப் பிரியும் ஓசை, மைக் வயரின் கரகரப்பு, எடிட் செய்த இடத்தில் விழும் சிறு 'டிக்' எல்லாம் உடனே காதில் படும். வசனப் பதிவைச் சரிபார்ப்பவருக்கு இனிமையைவிட இதுதான் முக்கியம். பேஸ் குறைவில்லை, ஆனால் டிடி 770 போல உறுமுவதில்லை.

அதே கூர்மைதான் நீண்ட நேரம் கேட்கவிடாமல் செய்கிறது. அணியும் வசதியிலும் இது டிடி 770-க்கு நிகராகாது. எடை குறைவு, தலையில் இறுக்கமும் அதிகமில்லை. ஆனால் பேட் மெல்லியது. காது பெரிதாகவோ விடைத்தோ இருப்பவர்களுக்கு மடலின் நுனி உள்ளே டிரைவரின் மேல்மூடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். முதல் அரைமணியில் தெரியாது. மூன்றாவது மணியில் அந்த ஓர் இடம் மட்டும் எரியத் தொடங்கும். சுருள் வயரும் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். நடமாடும் ஒலிப்பதிவாளருக்கு அது வசதி, மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தொல்லை.

பேடின் செயற்கைத் தோல் கறுப்புச் செதில்களாக உதிர்வது இந்த மாதிரியின் தீராத குறை. காதிலும் கன்னத்திலும் கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு எழுந்துபோகும் எடிட்டர்களை எல்லா ஸ்டூடியோக்களிலும் காணலாம். பலர் இதை அழகுக்கேடு என்று மட்டும் நினைத்து அப்படியே பயன்படுத்துகிறார்கள். உதிர்ந்த பேட் காற்றை அடைக்காது, பேஸ் கசிந்துவிடும். உள்ளிருக்கும் ஃபோம் அமுங்கிப்போனால் டிரைவர் காதுக்கு நெருங்கி வந்து மேலலைவெண்களின் சமநிலையும் மாறும். மூன்றாண்டு பழைய 7506-ம் புதிதும் ஒரே ஒலியைக் கொடுப்பதில்லை.

வெறும் பேடை மாற்றினால் போதும் என்பது உண்மைதான், ஆனால் எந்தப் பேட் என்பதில் கவனம் வேண்டும். உறுத்தல் தாங்காமல் தடித்த துணிப்பேட் வாங்கிப் போடுபவர்கள் அதிகம். துணி காற்றை ஓரளவு கசியவிடும், தடிப்பு டிரைவரைத் தள்ளிவைக்கும். காதுக்கு இதம் கிடைக்கும்; ஒலி வேறாகிவிடும். டிடி 770 துணிப்பேடோடு நன்றாக ஒலிப்பது அந்தத் துணியைக் கணக்கில் வைத்தே அது வடிவமைக்கப்பட்டதால். புதிய ஹெட்ஃபோனை ஐம்பது மணிநேரம் ஓடவிட்டால் டிரைவர் 'பழகி' ஒலி மேம்படும் என்ற நம்பிக்கைக்கும் டிரைவரைவிடப் பேட் நெகிழ்வதும் கேட்பவரின் காது பழகுவதும் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆடியோ-டெக்னிகாவின் எம்50எக்ஸ்

2014-இல் வந்த எம்50எக்ஸ் இணையத்தில் மிக அதிகமாகப் பரிந்துரைக்கப்பட்ட மாதிரிகளுள் ஒன்று. 45 மில்லிமீட்டர் டிரைவர், 38 ஓம், 285 கிராம். கைப்பேசியிலேயே உரக்க ஒலிக்கும், வயரைக் கழற்றி மாற்றலாம், கிண்ணத்தைத் திருப்பி ஒரு காதில் மட்டும் வைத்துக்கேட்கலாம். பேஸ் தாராளம். தலையை இறுக்கிப் பிடிக்கும். பேடின் உள்வட்டம் குறுகியது. வெப்பமான அறையில் விரைவில் வியர்க்கும். இது பெற்ற புகழில் பாதி இதன் பயன்பாட்டு வசதிக்கு உரியது. ஒலியை மட்டும் வைத்துப் பார்த்தால் அவ்வளவு புகழுக்குக் காரணம் தெரியவில்லை.

அலைவெண் எண்களின் மயக்கம்

பெட்டியின் மேல் டிடி 770-க்கு 5 ஹெர்ட்ஸ் முதல் 35 கிலோஹெர்ட்ஸ், எம்50எக்ஸ்-க்கு 15 ஹெர்ட்ஸ் முதல் 28 கிலோஹெர்ட்ஸ், 7506-க்கு 10 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறார்கள். மனிதக் காது கேட்பது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை. வயதாக ஆக மேலெல்லை இறங்கும். இந்த எல்லைக்குள் ஒலி எத்தனை டெசிபல் ஏறி இறங்குகிறது என்று சொல்லாத எண்ணால் பயனில்லை. டிடி 770-இன் 8 கிலோஹெர்ட்ஸ் மேடு இந்த எண்களில் எங்கே தெரிகிறது? செயற்கைக் காதில் வைத்து அளந்த வரைபடம் அதைக் காட்டும். ஆனால் அந்தக் காதுக்குக் கண்ணாடிக் காம்பும் தலைமுடியும் கிடையாது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டே வரைபடத்தைப் படிக்கவேண்டும்.

ஒரு காதைத் திறந்துவைக்கும் பாடகர்

பாடகர்கள் பலர் ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டு பாடுவார்கள். இரண்டு காதும் அடைபட்டால் எலும்பு வழியாக வரும் தன் குரலின் தாழ்பகுதி உள்ளேயே தங்கி முழங்கும். காற்று வழியாக வரும் குரல் மங்கும். சுருதி பிடிப்பது கடினமாகும். எவ்வளவு மெத்தென்ற பேட் போட்டாலும் இந்த அசௌகரியம் தீராது. அவர் காதைத் திறந்தவுடன் அந்தப் பக்கத்துக் கிளிக் டிராக் மைக்கில் விழுகிறது. எதற்காக மூடிய வகை வாங்கப்பட்டதோ அதுவே வீணாகிறது. திறந்த பக்கத்து ஒலியை நிறுத்திவிட்டு மறுபக்கத்துக்கு மட்டும் அனுப்புவது இதற்கு எளிய வழி. பாடகரின் குரலை அவருக்கே சற்றுக் கூட்டிக் கொடுத்தாலும் பலர் இரண்டு காதையும் மூடிக்கொண்டே பாடுவார்கள்.

பொருந்தாத பேடால் வரும் இன்னொரு கேடு பெரியது. பேஸ் கசிந்தால் கேட்பவர் ஒலியளவைக் கூட்டுகிறார். வெளிச்சத்தம் புகுந்தால் இன்னும் கூட்டுகிறார். அமெரிக்காவின் தொழில் நல ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் நாளுக்கு 8 மணிநேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் 1 மணிநேரம்தான். நாள் முழுவதும் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருக்கும் எடிட்டர் கசியும் பேடை ஈடுகட்ட 9 டெசிபல் கூட்டிவிட்டால், காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவரின் அன்றைய பங்கு பதினொரு மணிக்கே முடிந்துவிடுகிறது. புதுப் பேட் ஒரு ஜோடியின் விலை ஹெட்ஃபோன் விலையில் ஒரு சிறு பகுதி.