ஏவலரா? எசமானரா?

மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் உறுப்பினர், மக்கள் இட்டதைச் செய்யும் ஏவலரா? மக்களுக்கு நல்லது எதுவெனத் தாமே முடிவுகட்டும் எசமானரா? இவ்வினா எழும்போதெல்லாம் அறிஞர் எடுத்துக்காட்டும் உரை ஒன்றுண்டு. 1774 நவம்பர் 3-ஆம் நாள், இங்கிலாந்தின் துறைமுக நகரமாம் பிரிஸ்டலில், வெற்றி பெற்றதும் எட்மண்ட் பர்க் ஆற்றிய உரையே அது.

அவருடன் வெற்றிபெற்ற ஹென்றி குரூகர், வாக்காளர் இடும் கட்டளைக்கு உறுப்பினர் கட்டுப்பட்டவர் என்றார். பர்க் மறுத்தார். வாக்காளர் விருப்பத்துக்குப் பெருமதிப்பு உண்டு. அதற்காக உறுப்பினர் தம் அறிவையும் மனச்சான்றையும் அடகு வைத்தல் ஆகாது. பாராளுமன்றம் நாடு முழுமைக்கும் உரியது. இதுவே அவர் வாதம்.

அழகிய வாதம், அதில் உண்மையும் உண்டு. பலர் விரும்புவதாலேயே ஒன்று நீதியாகிவிடுமா? அயர்லாந்து வணிகத்தைப் பிணித்திருந்த தளைகளைத் தளர்த்த வேண்டுமென 1778-இல் பர்க் வாதாடினார்; பிரிஸ்டல் வணிகர் சீறினர். கத்தோலிக்கரை ஒடுக்கிய சட்டங்களைத் தளர்த்துவதை ஆதரித்தார், மதவெறியர் சினந்தனர். வாக்குக்கு அஞ்சி அவர் வாய் மூடவில்லை. பகுத்தறிவாளர் போற்ற வேண்டிய துணிவன்றோ இது!

குறை எங்கே? சொல்லில் அன்று, செயலில். உறுப்பினர் வாக்காளரோடு நெருங்கிய தொடர்பு கொள்ள வேண்டுமென அதே உரையில் கூறியவர், தொகுதிக்கு வந்ததோ அரிதினும் அரிது. மடல்கள் எழுதினார், 1780 தேர்தலின்போது நேரில் நின்றும் விளக்கினார். காலங்கடந்த விளக்கம்! ஆதரவு இல்லையெனக் கண்டு போட்டியினின்று விலகினார். பின்னர் எங்குச் சென்றார்? ராக்கிங்காம் பிரபுவின் கைப்பிடியில் இருந்த மால்டன் என்னும் சிறு தொகுதிக்கு! வணிகர் கட்டளைக்கு வணங்காத அறிவு, பிரபுவின் தயவில் இடம் தேடிற்று.

பள்ளியில் குடிமையியல் பாடத்தின்போது மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, நம் ஊர் உறுப்பினர் யார் பேச்சைக் கேட்பார்?" உடனே விடை கூற இயலவில்லை. 1985-இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த பத்தாம் அட்டவணைப்படி, கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரலாம். விலைபோகும் கட்சித்தாவலைத் தடுக்க வந்த சட்டம். அதன் தேவையை மறுப்பாரில்லை. ஆயினும், குரூகர் போற்றிய வாக்காளர் கட்டளையும் இங்கில்லை. பர்க் போற்றிய மனச்சான்றும் இங்கில்லை. கொறடாவின் குரலே ஓங்குகிறது!

இளைஞர்களே! ஐந்தாண்டுக்கொரு முறை விரலில் மை வைத்துக்கொள்வதோடு நம் கடமை தீர்ந்துவிடுமா? "எம் விருப்பத்துக்கு மாறாக முடிவெடுக்கும் உரிமை உமக்குண்டு, எதற்காக மாறினீர் என்பதை எம்மூர் மன்றத்தில் நின்று கூறும் கடமையும் உமக்குண்டு" என உறுப்பினரிடம் உரைப்போம். நமக்கு ஏவலர் வேண்டா, எசமானரும் வேண்டா. கணக்குக் காட்டும் தோழரே வேண்டும்.