கடம்பூர் மாளிகை முதல் கிட்டங்கி வரை

தியாகராய நகர் தீனதயாளு தெருவிலுள்ள வானதி பதிப்பகம் இரண்டு பெயர்களைத் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வீடுகளுக்கு அனுப்பி வந்திருக்கிறது: கல்கி, சாண்டில்யன். வரலாற்று நாவல் என்றாலே இவர்கள் போட்ட பாதைதான் என்று வாசகர்கள் பழகிப்போனதில் வியப்பில்லை. கல்கி கல்வெட்டை ஆதாரமாக வைத்துக் கதை வளர்த்தார். சாண்டில்யன் காதலையும் கடற்போரையும் முன்னே நிறுத்தினார். அகிலனும் விக்கிரமனும் ஜெகசிற்பியனும் தத்தம் போக்கில் அரண்மனைகளையே சுற்றி வந்தார்கள்.

மேல்நாட்டில் வேறொரு வகை உண்டு. நாடே புரளும்போது ஒரு பெரிய ஓட்டலுக்குள் கதையை அடைத்துவைப்பது. ஜே.ஜி. ஃபாரெல் 1970இல் எழுதிய நாவலில் அயர்லாந்தின் விடுதலைப் போர் முழுவதும் ‘மெஜஸ்டிக்’ என்ற சிதிலமடையும் ஓட்டலின் கூரை வழியாக ஒழுகுகிறது. ஏமர் டவுல்ஸின் 2016 நாவலிலோ, 1922இல் தண்டனை பெற்ற ஒரு பிரபு மாஸ்கோவின் மெட்ரோபோல் ஓட்டலைவிட்டு வெளியேற முடியாமல் சோவியத் காலத்தைக் கடக்கிறார்.

தமிழில் இதற்கு ஈடு உண்டா? கல்கியிடமே அதன் வித்து இருக்கிறது. ‘பொன்னியின் செல்வ’னில் கடம்பூர் சம்புவரையர் மாளிகை ஒரு விருந்தினர் இல்லம்தான். இரவு தங்கவந்த வந்தியத்தேவன் சிற்றரசர்களின் நள்ளிரவுச் சதியை அங்கேதான் ஒட்டுக்கேட்கிறான். பின்னால் அதே வீட்டுக்கு விருந்தாளியாக வந்த சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டு கிடக்கிறான். கொலையாளிகளின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு தருகிறது; கொலை நடந்த அறையைக் கல்கி தந்தார். சோழ அரசியலின் முடிச்சு முழுவதும் ஒரு வீட்டின் தாழ்வாரங்களுக்குள் இறுகும் அந்த அத்தியாயங்களுக்கு இணை, அவருடைய போர்க்களக் காட்சிகளில்கூட இல்லை.

ஆனால் ப.சிங்காரத்தைப் படித்த பிறகு அளவுகோலே மாறிவிடுகிறது. மயிலாப்பூரிலிருந்து வந்த ‘கலைமகள்’ நடத்திய நாவல் போட்டியில் முதல் பரிசு பெற்றது அவருடைய ‘கடலுக்கு அப்பால்’. அடுத்து வந்த ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல்தான் அச்சேறியது. ஜப்பானியப் படை சுமத்ராவின் மெடானுக்குள் நுழைவதில் தொடங்கும் அந்தப் புத்தகத்தில் அரசர் யாரும் இல்லை. வட்டிக்கடைகளின் மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் இருக்கிறார்கள். தொழிலும் படுக்கையும் சாப்பாடும் ஒரே கூரைக்கடியில் நடந்த செட்டியார் கிட்டங்கி, ஓட்டலுக்கு மிக நெருங்கிய தமிழ்க் களம். பேரரசு சரிந்தால் இவர்களுக்கு என்ன ஆகும்? நாணயம் மாறும், கடன்பத்திரம் செல்லாது, ஊருக்குக் கப்பல் வராது. வரலாறு வயிற்றுக்குள் இறங்கும் விதத்தைச் சிங்காரம் அளவுக்குச் சொன்னவர் அரியர். மதுரையில் ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையிலேயே நெடுங்காலம் தனியாக வாழ்ந்தவர் அவர் என்பதும் நினைக்கத்தக்கது.

தி.நகர் தாமோதர ரெட்டி தெருவில் பல்லாண்டுகள் வாழ்ந்த அசோகமித்திரன் இன்னும் குறுகிய இடத்தை எடுத்துக்கொண்டார். ‘18வது அட்சக்கோடு’ (1977) செகந்தராபாத்தின் ரயில்வே குடியிருப்பில் நடக்கிறது. நிஜாம் ஆட்சியின் கடைசி மாதங்கள், நிஜாமை ஆதரித்த ரஜாக்கர் படையினர், 1948 செப்டம்பரில் இந்தியப் படையின் நுழைவு. நாயகன் சந்திரசேகரனுக்கோ கிரிக்கெட்டும் கல்லூரியும். கடைசிப் பக்கங்களில் ஓர் இளம்பெண் தன் குடும்பத்தைக் காக்கச் செய்யத் துணிவதைக் கண்டு அவன் ஓடுகிறானே, அந்த ஓட்டத்துக்கு முன் எந்த வாள்வீச்சும் நிற்காது.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து புதுச்சேரியை எழுப்பிய பிரபஞ்சனும் (‘வானம் வசப்படும்’, சாகித்திய அகாதெமி விருது 1995), ஐஸ் ஹவுஸ் கூலிகளின் கதையாகச் சென்னையை எழுதிய ஜெயமோகனும் (‘வெள்ளை யானை’) இந்த வரிசைக்கே உரியவர்கள்.

சென்னை ஓட்டலுக்குள் நடக்கும் வரலாற்று நாவலுக்கு இடம் காலியாகவே இருக்கிறது, சரக்குக்கோ குறைவில்லை. ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவின் பங்களாவை எடுத்து 1938இல் கிருஷ்ணராவ் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். நான்கே ஆண்டுகளில், 1942 ஏப்ரலில், ஜப்பானியர் வருகிறார்கள் என்ற பீதியில் நகரம் காலியானது. அந்த வாரம் அடுப்பு மூட்டியவர் யார், அறையைக் காலிசெய்ய மறுத்தவர் யார், உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த சர்வர் பையன்கள் ரயிலுக்குப் போனார்களா, இருந்துவிட்டார்களா என்பதிலிருந்து ஒரு நாவலாசிரியர் தொடங்கலாம்.